விளக்கு எரிந்ததும் தீர்ப்பு எழுதலாமா?

அமெரிக்காவில் கார் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் காலை வண்டியைக் கிளப்புகிறார். எதிரேயுள்ள பலகையில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிகிறது. கார் நன்றாகத்தான் ஓடுகிறது. கூடுதல் சத்தம் இல்லை, புகை இல்லை, இழுவையிலும் குறைவில்லை. ஆனால் விளக்கு மட்டும் அணைய மறுக்கிறது.

பழுதுக் குறியீட்டைப் படிக்கும் சிறு கருவி ஒன்று கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கி வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே அதற்கென்று உள்ள இடத்தில் செருகிப் பார்க்கிறார். ‘பி 0453’ என்று திரையில் தோன்றுகிறது. பெட்ரோல் ஆவி அமைப்பின் அழுத்த உணர்கருவி, உயர்ந்த அளவு என்பது அதன் பொருள். “ஓகோ, உணர்கருவி கெட்டுவிட்டது!” என்று முடிவு கட்டிப் புதியது ஒன்றை வாங்குகிறார். பல கார்களில் அது பெட்ரோல் தொட்டியின் உச்சியில் இருக்கும். தொட்டியைக் கீழே இறக்கினால்தான் கை எட்டும். ஆகவே உணர்கருவியின் விலையைவிடக் கூலி அதிகமாகிறது. விளக்கு அணைகிறது; அவருக்கு மகிழ்ச்சி. சில வாரங்கள் கழித்து அதே விளக்கு, அதே குறியீட்டுடன், மறுபடியும் எரிகிறது!

உண்மையில் கெட்டிருந்தது உணர்கருவி அன்று. அதற்குச் செல்லும் மூன்று கம்பிகளில் ஒன்றின் முனை துருப்பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

இதில் தவறு யாருடையது? குறியீடு பொய் சொல்லவில்லை. “அந்தச் சுற்றிலிருந்து வரும் வோல்ட் அளவு வரம்பைத் தாண்டி உயர்ந்திருக்கிறது” என்று மட்டுமே அது சொன்னது. “உணர்கருவி கெட்டது” என்பது கார்க்காரர் தாமாகச் சேர்த்துக்கொண்டது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கும் நீதிபதி தீர்ப்பெழுதுவதற்கும் இடையே குறுக்கு விசாரணை என்று ஒன்று உண்டல்லவா? அதை அவர் விட்டுவிட்டார்.

எச்சரிக்கை விளக்கு ஒரு சாட்சியே அன்றித் தீர்ப்பு அன்று. இதுவே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து. இது கார் பழுதுபார்ப்பவருக்கு மட்டும் உரிய பாடம் அன்று; ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவியைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு மாணவருக்கும் உரிய பாடம். இதை விளக்க, முதலில் அந்த உணர்கருவி எதற்காக அங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

ஆவியைப் பிடித்து வைப்பது ஏன்?

1943ஆம் ஆண்டு ஜூலை மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. மக்களின் கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது. உலகப்போர்க் காலமாதலால், எதிரி நச்சுவாயு வீசிவிட்டானோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். எதிரி வெளியிலிருந்து வரவில்லை என்பது பின்னால் தெரிந்தது. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலார், 1950களின் தொடக்கத்தில் அந்தப் புகைமூட்டத்தின் வேதியியலை விளக்கினார். பெட்ரோலிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் ஆவியும், எஞ்சின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனைப் பிறப்பிக்கின்றன. வானத்தின் உயரத்தில் இருந்து நம்மைக் காக்கும் அதே ஓசோன், தரையருகே வந்தால் கண்ணையும் நுரையீரலையும் வருத்துகிறது.

ஹைட்ரோகார்பன் ஆவி புகைக்குழாய் வழியாக மட்டும் வருவதில்லை. கார் சும்மா வெயிலில் நின்றாலே போதும். தொட்டியிலுள்ள பெட்ரோல் ஆவியாகி வெளியேறும். ஆகவே 1970 மாதிரிக் கார்கள் முதல் கலிபோர்னியாவிலும், 1971 மாதிரிக் கார்கள் முதல் அமெரிக்கா முழுவதிலும் இந்த ஆவியைத் தடுக்கும் ஏற்பாடு கட்டாயமாயிற்று.

ஏற்பாடு எளிமையானது. தொட்டியின் ஆவி ஒரு குழாய் வழியாகக் கரி நிரப்பிய டப்பாவுக்குச் செல்கிறது. அது அடுப்புக்கரி அன்று, கிளர்வுற்ற கரி. அதனுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஒரே ஒரு கிராம் கரியின் உட்பரப்பையெல்லாம் விரித்தால் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்குக்கூட வரலாம். பெட்ரோல் ஆவி இந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சல் விசை ஆவியைக் கரியிலிருந்து இழுத்துக்கொள்ள, அது எஞ்சினுள் எரிந்து பயன் தருகிறது. இதை உறிஞ்சு வால்வு என்று வைத்துக்கொள்வோம். கரி டப்பாவுக்குள் வெளிக்காற்று புகுவதற்கு மற்றொரு வால்வு உண்டு. அதைக் காற்று வால்வு என்போம்.

கார் தன்னைத்தானே சோதிக்கிறது

இந்தக் குழாய்களில் எங்காவது ஓட்டை விழுந்தால் ஆவி மறுபடி காற்றில் கலக்கும். ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. அதனால்தான் 1996 மாதிரி முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள், தம் மாசுத்தடுப்பு அமைப்புகளைத் தாமே கண்காணிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஆவி அமைப்பில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை இருந்தாலும் கார் கண்டுபிடித்தாக வேண்டும் என்னும் விதி அந்த ஆண்டுகளில் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2000 மாதிரிகள் தொடங்கிக் கலிபோர்னியா அதை அரை மில்லிமீட்டர் என்று இறுக்கியது. குண்டூசி முனையளவுத் துளையைக் கார் தானே கண்டுபிடிக்க வேண்டும்! எப்படி?

பல கார்களில் கையாளப்படும் முறை இது. காரிலுள்ள கணிப்பொறி காற்று வால்வை மூடுகிறது. உறிஞ்சு வால்வைத் திறக்கிறது. எஞ்சின் தொட்டியிலிருந்து சிறிது காற்றை உறிஞ்சுகிறது. பிறகு உறிஞ்சு வால்வும் மூடப்படுகிறது. இப்போது தொட்டிக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் குறைவு அப்படியே நிலைத்து நின்றால் ஓட்டை இல்லை. விரைவாக மறைந்தால் எங்கோ காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள்.

எவ்வளவு குறைவு தெரியுமா? இளநீரை உறிஞ்சிக் குடிக்கும் குழல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்ற, நம் வாயில் ஏறத்தாழ 2,500 பாஸ்கல் அழுத்தக் குறைவை உண்டாக்குகிறோம். வளிமண்டல அழுத்தத்தில் அது நாற்பதில் ஒரு பங்கு. தொட்டிச் சோதனையில் உண்டாக்கப்படும் குறைவும் இந்த அளவை ஒட்டியதே. காற்று அடைத்த டயரின் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இவ்வளவு மெல்லிய மாறுதலைக் கண்டு சொல்வதற்காகத்தான் தொட்டியின் உச்சியில் அந்த உணர்கருவி அமர்ந்திருக்கிறது.

உணர்கருவியின் உள்ளே

உணர்கருவிக்குள் சிலிக்கானாலான மிக மெல்லிய தகடு ஒன்று உள்ளது. அதன் ஒரு பக்கம் தொட்டியின் ஆவியைத் தொடுகிறது. மறுபக்கம் வெளிக்காற்றைத் தொடுகிறது. இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் தகடு நேராக நிற்கும். வேறுபட்டால் சற்றே வளையும். சிலிக்கான் வளையும்போது அதன் மின்தடை மாறுகிறது. 1954ஆம் ஆண்டில் சார்லஸ் ஸ்மித் என்னும் இயற்பியலார், சிலிக்கானிலும் ஜெர்மானியத்திலும் இந்த விளைவு மிகவும் வலுவாக இருப்பதைக் காட்டினார். அந்த ஆராய்ச்சியின் பயனே இன்றைய சிறு அழுத்த உணர்கருவிகள். தகட்டின் மீதுள்ள மின்தடைகள், நீங்கள் பள்ளியில் படிக்கும் வீட்ஸ்டன் சுற்றைப் போலவே இணைக்கப்பட்டிருக்கும்.

வெளியே வருபவை மூன்றே கம்பிகள். ஒன்று கணிப்பொறியிலிருந்து 5 வோல்ட் கொண்டுவருகிறது. இரண்டாவது எர்த் கம்பி. மூன்றாவது, விடையைக் கணிப்பொறிக்கு எடுத்துச் செல்லும் செய்திக் கம்பி. தொட்டியின் அழுத்தத்துக்கு ஏற்ப அதில் வோல்ட் அளவு ஏறி இறங்கும்.

இதில் வடிவமைத்தவர்களின் ஒரு சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நல்ல நிலையிலுள்ள உணர்கருவி 0 வோல்ட்டையோ 5 வோல்ட்டையோ முழுமையாகத் தொடுவதில்லை. இரண்டு ஓரங்களையும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள். ஏனெனில் கம்பி அறுந்தாலோ, ஒன்றோடொன்று உரசினாலோ, அளவு அந்த ஓரங்களுக்குத்தான் ஓடும். ஆகவே ஓரத்தில் நிற்கும் எண்ணைக் கண்டால், “இது அழுத்தம் அன்று, மின்சுற்றில் ஏதோ கோளாறு” என்று கணிப்பொறி அறிந்துகொள்கிறது. மேல் ஓரத்தில் நின்றால் பி 0453. கீழ் ஓரத்தில் நின்றால் பி 0452.

இப்போது நம் கார்க்காரரின் தவறு தெளிவாகிறது. பி 0453 என்பது மின்சுற்றைப் பற்றிய செய்தி. அந்தச் சுற்றில் உணர்கருவி ஓர் உறுப்பு மட்டுமே. செய்திக் கம்பி 5 வோல்ட் கம்பியோடு உரசினாலும் அளவு உயரும். எர்த் கம்பி அறுந்தாலும் உயரும். மின்னோட்டம் திரும்பிச் செல்ல வழியில்லாததால் உணர்கருவி முழுவதுமே 5 வோல்ட்டை ஒட்டி நின்றுவிடுகிறது. உணர்கருவி கெட்டாலும் உயரும். அரிதாகக் கணிப்பொறியில் கோளாறு என்றாலும் இப்படி நேரலாம். ஐயத்துக்குரியவர் நால்வர், அவர் ஒருவரைப் பிடித்துத் தண்டனை கொடுத்துவிட்டார்!

குறுக்கு விசாரணை மூன்று கேள்விகளில்

நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? புதிய உறுப்பை வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்பார். ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஆவி, சுழிக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பற்றக் கூடியது. காற்றைவிடக் கனமானதால் தரையில் தவழ்ந்து தங்கும். இந்தச் சோதனைகளைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். நாம் அவற்றின் தருக்கத்தை மட்டும் கற்போம்.

முதல் கேள்வி: சுழியில் நீ சுழி காட்டுகிறாயா? திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நீங்கள் செய்யும் முதல் வேலை சுழிப்பிழை பார்ப்பதல்லவா? அதே வேலைதான் இங்கும். பெட்ரோல் மூடியைத் திறந்தால் தொட்டிக்குள்ளும் வெளியேயும் அழுத்தம் ஒன்றாகிவிடும். அப்போது கணிப்பொறியில் தெரியும் அழுத்த வேறுபாடு சுழியாக இருக்க வேண்டும். செய்திக் கம்பியின் வோல்ட் அளவு, சில வகைக் கார்களில் 1.5ஐ ஒட்டியும், வேறு சிலவற்றில் 2.6ஐ ஒட்டியும் நிற்கும். சரியான எண் எது என்பதை அந்தந்தக் காரின் பழுதுபார்ப்பு நூல் கூறும். மூடியைத் திறந்து வைத்த பிறகும் “உள்ளே அழுத்தம் குறைவு” என்று உணர்கருவி சாதித்தால், சாட்சி தடுமாறுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் கேள்வி: உனக்கு வேண்டியது கிடைக்கிறதா? உணர்கருவியின் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரால் 5 வோல்ட் கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் இடையே அளக்க வேண்டும். 5 வோல்ட் இல்லாவிட்டால் உணர்கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. சோறு போடாமல் வேலை வாங்க முடியுமா?

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே இழுக்கிறது. ஆகவே துருப்பிடித்த இணைப்பு வழியாகக்கூட அது 5 வோல்ட் காட்டி நம்மை ஏமாற்றிவிடலாம். அதனால் இணைப்பை மறுபடி பொருத்தி, உணர்கருவி வேலை செய்யும் நிலையிலேயே, அதன் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்து பார்ப்பார்கள். அது சுழியை ஒட்டி இருக்க வேண்டும். கணிசமான வோல்ட் தெரிந்தால், எர்த் கம்பியின் வழியில் எங்கோ தடை இருக்கிறது. சாட்சியை விசாரிக்க நாம் கொண்டுவந்த கருவியையும் விசாரிக்க வேண்டியிருப்பதைப் பாருங்கள்!

மூன்றாம் கேள்வி: தெரிந்த அழுத்தத்தைக் கொடுத்தால் சரியாகச் சொல்கிறாயா? கையால் இயக்கும் சிறு உறிஞ்சு பம்ப்பைக் கொண்டு உணர்கருவிக்கு மெல்லிய அழுத்தக் குறைவைக் கொடுத்து, வோல்ட் அளவு சீராக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். உண்மையான அழுத்தத்தை அறியத் தண்ணீர் ஊற்றிய யூ வடிவக் கண்ணாடிக் குழாயே போதும். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் அதே குழாய்தான். நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் வேறுபட்டால் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 980 பாஸ்கல். தண்ணீருக்குக் கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அது புதிய சாட்சி.

மூன்று கேள்விகளுக்குப் பிறகும் சுழி தவறாக நின்று, 5 வோல்ட்டும் எர்த்தும் சரியாக இருந்து, தெரிந்த அழுத்தத்துக்கும் விடை தப்பாக வந்தால், அப்போது தாராளமாகப் புதிய உணர்கருவியை வாங்கலாம். அது ஊகம் அன்று, நிறுவப்பட்ட முடிவு.

சிலந்தி சொன்ன பாடம்

சாட்சியை ஐயுறுங்கள் என்றேன். அதற்காகச் சாட்சி எப்போதும் பொய்யே சொல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. உணர்கருவி நம்ப முடியாத செய்தியைச் சொல்லும். ஆனால் அது உண்மையாகவும் இருக்கக்கூடும்.

2011ஆம் ஆண்டில் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் விற்ற ஏறத்தாழ 65,000 ‘மாஸ்டா 6’ கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் என்ன தெரியுமா? சிலந்தி! மஞ்சள் நிறச் சிலந்தி இனம் ஒன்று, கரி டப்பாவுக்கு வெளிக்காற்று செல்லும் குழாய்க்குள் புகுந்து வலை பின்னிவிட்டது. வலையால் காற்று வழி அடைபட்டால், எஞ்சின் ஆவியை உறிஞ்ச உறிஞ்சத் தொட்டிக்குள் அழுத்தம் மிகவும் குறைந்துகொண்டே போகும். வெளிக்காற்றின் அழுத்தம் தாங்காமல் தொட்டி விரிசல் விட்டுப் பெட்ரோல் கசியக்கூடும். தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. 2014ஆம் ஆண்டிலும் இதே காரணத்துக்காக ஏறத்தாழ 42,000 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

இப்படி அடைபட்ட ஒரு காரில் உணர்கருவி, “உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறிக் குறைகிறது” என்று அலறும். “இவ்வளவு குறைய வழியே இல்லை, உணர்கருவிதான் கெட்டிருக்கும்” என்று அதை மாற்றுபவர், உண்மை சொன்ன சாட்சியைத் தண்டித்துவிட்டு ஆபத்தைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவைக்கிறார். மூடியைத் திறந்து சுழியைப் பார்த்திருந்தால், உணர்கருவி ஒழுங்காக இருப்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஆக, குறுக்கு விசாரணை பொய்ச் சாட்சியைப் பிடிப்பதற்கு மட்டும் அன்று. மெய்ச் சாட்சியைக் காப்பாற்றுவதற்கும்தான்.

ஒரு விளக்கை நம்பியதால்

காரில் இந்தத் தவறு பணத்தை விழுங்கும்; சிலவேளை உயிருக்கும் ஆபத்தாகும். இதே தவறு பெரிய இயந்திரத்தில் நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. அதுவும் ஒரு வால்வையும் விளக்கையும் பற்றியதே.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தது. பிறகு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ, வால்வு மூடிவிட்டது என்பதுபோல் விளக்கு அணைந்துவிட்டது. உண்மையில் அந்த விளக்கு வால்வின் நிலையைக் காட்டும்படி அமைக்கப்படவில்லை. “மூடு” என்ற மின் ஆணை போனதா என்பதை மட்டுமே அது காட்டியது. ஆணை போனது; வால்வு கேட்கவில்லை. வால்வுக்கு அப்பாலுள்ள குழாயின் வெப்பநிலை உயர்ந்திருந்தது. அந்த இரண்டாவது சாட்சி சொன்னதை, முன்பே வால்வில் சிறு கசிவு இருந்தது என்று சமாதானம் கூறி ஒதுக்கிவிட்டனர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் உட்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று.

இதைப் படித்தபின் கார்த் தொட்டியின் சிறு உணர்கருவியைப் பாருங்கள். கணிப்பொறி வால்வுகளுக்கு ஆணையிட்டதோடு திருப்தி அடைவதில்லை. ஆணை நிறைவேறியதா என்று தனிச் சாட்சியைக் கொண்டு அழுத்தத்தை அளந்து பார்க்கிறது. எனவே அந்த உணர்கருவியை நான் குறைத்துப் பேசவில்லை. அது மிகவும் மதிப்புக்குரியது. அதை விசாரிக்காமல் நம்புவதும், விசாரிக்காமல் தூக்கி எறிவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள் என்பதே என் வாதம்.

மறுப்புகளுக்கு விடை

“மெக்கானிக்குக்கு நேரம்தானே பணம்? ஐயப்பட்ட உறுப்பை மாற்றிப் பார்ப்பதும் ஒரு சோதனைதானே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எளிதில் கை எட்டும் உறுப்பாக இருந்து, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த மாற்று உறுப்பும் கையில் இருந்தால், மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனையே. ஆனால் தொட்டியை இறக்கிச் செய்ய வேண்டிய வேலைக்கு அது பொருந்தாது. மூடியைத் திறந்து ஓர் எண்ணைப் பார்க்க ஆகும் நேரம் எங்கே, தொட்டியை இறக்க ஆகும் நேரம் எங்கே?

“மாற்றினேன், விளக்கு அணைந்துவிட்டது, அதுவே சான்று” என்பார் வேறொருவர். இது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பழைய இணைப்பைக் கழற்றி மாட்டும்போதே துரு சற்றுச் சுரண்டப்பட்டு, தற்காலிகமாகத் தொடர்பு ஏற்பட்டிருக்கலாம். குறியீட்டை அழித்ததால் மட்டுமே விளக்கு அணைந்திருக்கலாம். பெரும்பாலான பழுதுகளுக்கு, அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு தெரிந்த பிறகே விளக்கு எரியும். கசிவுச் சோதனையோ நினைத்தபோதெல்லாம் நடப்பதில்லை. எஞ்சின் குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டிருக்க வேண்டும். தொட்டியில் பெட்ரோல் மிகக் குறைவாகவோ நிறைந்தோ இருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு. ஆகவே விளக்கு சில நாட்கள் அணைந்திருப்பது, பழுது தீர்ந்தது என்பதற்குச் சான்று ஆகாது. இன்னும் சோதனை நடக்கவில்லை என்பதற்கும் சான்றாக இருக்கலாம்.

விளக்கைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடலாமா என்றால், அதுவும் முடியாது. கலிபோர்னியாவில் அந்த விளக்கு எரியும் கார் புகைச் சோதனையில் தேறாது. தேற வேண்டிய காரானால் உரிமத்தைப் புதுப்பிக்கவும் இயலாது. எனவே ஏழையானாலும் செலவு செய்தே ஆகவேண்டும். ஊகத்தின் விலையை அதிகமாகத் தாங்க வேண்டியவர், அதைத் தாங்கும் வசதி குறைந்தவரே.

பள்ளியில் என்ன செய்யலாம்?

நம் ஆய்வுக்கூடச் சோதனைகள் பெரும்பாலும் விடை முன்கூட்டியே தெரிந்தவை. ஊசலை ஆட்டுகிறோம், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்று தெரியும்; வராவிட்டால் எண்ணைச் சற்றே ‘சரி’ செய்யவும் கை துறுதுறுக்கிறது. கருவிகள் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே வைத்துக்கொள்கிறோம். பழுதான கருவி கிடைத்தால் ஆசிரியரிடம் கொடுத்து வேறொன்று வாங்கிக்கொள்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவைப் பள்ளியில் பெற வாய்ப்பே இல்லை.

என் யோசனை எளியது. பருவத்துக்கு ஒரு முறையாவது, வேண்டுமென்றே பழுது வைத்த சுற்று ஒன்றை மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மின்கலம், ஒரு சிறு பல்பு, ஒரு வோல்ட்மீட்டர், நான்கு கம்பிகள் போதும். ஒரு குழுவுக்கு உறைக்குள்ளேயே அறுந்த கம்பி. இன்னொன்றுக்கு இழை அறுந்த பல்பு. மற்றொன்றுக்குச் சுழிப்பிழையுள்ள வோல்ட்மீட்டர். எது பழுது என்று ஆசிரியருக்கு மட்டும் தெரியும். பல்பை எரியவைத்ததற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டாம். அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். எந்தச் சோதனையை முதலில் செய்தாய், அது யாரை ஐயத்திலிருந்து விடுவித்தது, அடுத்ததை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று வரிசையாக எழுதியதற்கு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

நம் சாலைகளில் ஓடும் புதிய பெட்ரோல் கார்களிலும் கரி டப்பா உண்டு. எச்சரிக்கை விளக்கும் உண்டு. மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை மெக்கானிக்காகலாம், மருத்துவராகலாம், மின்நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் அமரலாம். அங்கெல்லாம் ஒரு விளக்கு எரியும்; ஒரு முள் அசையும்; ஓர் எண் திரையில் தோன்றும். அதற்கு நன்றி சொல்லுங்கள். பிறகு, மூடியைத் திறந்து வைத்துச் சுழி பாருங்கள்.